சாம்பிள் பார்க்க முடியாத ஒன்று

அன்புள்ள ரேவதி தாயிக்கு,

இந்தக் கடிதம் கப்பலில் வருகிறது. கூடவே ஒரு சரக்கும் வருகிறது. அது என்னவென்று கடைசியில்தான் சொல்வேன். முதலிலேயே சொன்னால் மிச்சத்தைப் படிக்காமல் எனக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பாய். இதையெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாமே என்று கேட்காதே. கேம்பல் பேயில் நெட்வொர்க் கிடைக்கிற நேரத்தில் நீ ஸ்கூல் ஸ்டாஃப் ரூமில் இருப்பாய். உன் பக்கத்தில் யார் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. மெசேஜ் அனுப்பினால் அது எங்கெங்கே சுற்றுமோ, அதுவும் தெரியாது. "உங்களுக்குக் கடல்மேலயும் சந்தேகம், அதைத் தாண்டுற கப்பல்மேலயும் சந்தேகம்" என்று உன் அம்மா சொல்கிறாள். இருந்துவிட்டுப் போகட்டும். கவரை ஒட்டி, ஒட்டின இடத்தின் குறுக்கே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கோடு விலகியிருந்தால் வழியில் யாரோ பிரித்துப் படித்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்.

நீயும் குர்மீத்தும் கல்யாணத்துக்குத் தேதி கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நானும் முதலில் பஞ்சாங்கம் சரியில்லை என்றேன், பிறகு மழைக்காலம் என்றேன், அதற்குப் பிறகு சொந்தக்காரர்களுக்குக் கப்பல் டிக்கெட் கிடைக்காது என்றேன். எல்லாம் சாக்கு என்று உனக்குத் தெரியும். நீ என் மகள், உனக்குத் தெரியாமல் இருக்குமா. உண்மையான காரணத்தை இப்போது சொல்கிறேன். அந்தப் பையனை நம்பலாமா கூடாதா என்று எனக்கு முடிவுக்கு வரத் தெரியவில்லை. அவன் பஞ்சாபி என்பதற்காக இல்லை. இந்தத் தீவில் எந்த வீட்டில் எந்த ஊர்ப் பெண் மருமகளாக இருக்கிறாள் என்று கணக்கெடுத்தால் தலை சுற்றிவிடும். அவனுடைய அப்பா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, கேம்பல் பேயில் நிலம் கிடைத்து, தென்னை வைத்துப் பிழைக்கிற மனுஷன், அவரிடமும் குறை இல்லை. உன் உடம்புக்கு வந்ததையும், உனக்குச் செய்ததையும், இனி என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாததையும் நீ சொன்னபோது, குர்மீத் உடனே சரி என்று சொன்னானாமே. அந்த 'உடனே' தான் என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. யோசிக்காமல் சரி என்று சொல்கிற வியாபாரியிடம் நான் இதுவரை ஒரு பெட்டி மீன் வாங்கினதில்லை.

நீ வளர்ந்ததே சாம்பிள் மீனில்தான், ஞாபகம் இருக்கிறதா? போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் நம் குளிர் அறைக்கு உறைந்த மீன் பெட்டி வரும்போது மேலே இருக்கிறதை நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். மேலே வைப்பதெல்லாம் மணமேடைக்கு அலங்கரித்ததுதான். கையை நடுவில் விட்டு ஒன்றை உருவி, வாளித் தண்ணீரில் போட்டு உருக்கி, முதுகெலும்பை ஒட்டி வெட்டிப் பார்ப்பேன். சதை நின்றால் பெட்டியை எடுப்பேன். பஞ்சு மாதிரி தொய்ந்து ரத்தத் தண்ணீர் வடிந்தால், அதை எங்கோ ஒரு தடவை உருகவிட்டு மறுபடி உறைய வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவேன். வெட்டின மீனை விற்க முடியாது. அது நம் வீட்டுக் குழம்புக்கு வரும். ஒருநாள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீ கேட்டாய், "நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன்ப்பா எப்பவும் வெட்டுன மீனாவே வருது?" அதற்கு உன் அம்மாதான் பதில் சொன்னாள், உன் அப்பா முழுசாக எதையும் நம்பமாட்டார் என்று. நீ ரேங்க் கார்டு கொண்டுவந்தபோது டீச்சரிடம் போய் மார்க்கைச் சரிபார்த்தவன் நான். நீ அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய்.

குளிர் அறை சொந்தமாக இல்லாத காலத்தில் வாடகைக்கு ஒருவரிடம் சரக்கு வைத்திருந்தேன். ராத்திரி கரண்டே போகவில்லை, போனாலும் ஜெனரேட்டர் ஓடியது என்று சத்தியம் பண்ணுவார். ஒரு டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு காசை வைத்து, பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு வந்தேன். பிறகு போய்ப் பார்த்தால் டம்ளரில் ஐஸ் ஐஸாகவே இருக்கிறது, காசு மட்டும் அடியில் கிடக்கிறது. நடுவில் எல்லாம் உருகியிருக்கிறது, காசு மூழ்கியிருக்கிறது, திரும்ப உறைந்திருக்கிறது. டம்ளரை அவர் மேஜையில் கவிழ்த்துவிட்டு வந்தேன். அன்றையிலிருந்து எனக்கு ஒரே கொள்கை. வாயால் சொல்கிறதை விட்டுவிடு, காசு எங்கே இருக்கிறது என்று பார்.

இப்படிப்பட்டவனைத்தான் நீ சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். கழுத்தில் வந்த கட்டி சாதாரணக் கட்டி இல்லை என்று தெரிந்து, ஹெலிகாப்டரில் உன்னைப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து மெயின்லேண்டுக்குப் போனோம். ஹெலிகாப்டரில் இருந்து இறங்கியபோது உன் பையைத் தூக்கிக்கொண்டு கூட ஒருவன் இறங்கினான், உன்னோடு வேலை பார்க்கிற வாத்தியார் என்று சொன்னாய். அவன்தான் குர்மீத். உன் பை அவன் கையில் இருந்த விதமே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. அதை அப்போது கேட்கிற நிலைமையில் நான் இல்லை. சென்னையில் பெரிய டாக்டர் மருந்தை உடனே ஆரம்பிக்காமல், முதலில் இன்னொரு டாக்டரம்மாவைப் பாருங்கள் என்றார். மருந்து கடுமையானது, பின்னால் பிள்ளைப்பேற்றுக்கு வழி இல்லாமல் போகலாம், அதனால் கருமுட்டைகளை எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்துவிட்டுச் சிகிச்சையைத் தொடங்கலாம் என்றார்கள். கட்டி கழுத்தில் உட்கார்ந்திருக்கும்போது நாளைத் தள்ளுகிறார்களே, இதில் யாருக்கு என்ன லாபம் என்றுதான் என் புத்தி போனது. அந்த டாக்டரம்மாவை நான் குறுக்கு விசாரணை செய்தது உனக்கு அவமானமாக இருந்திருக்கும். எனக்குப் பயமாக இருந்தது, தாயி. பயம் வந்தால் எனக்கு அழத் தெரியாது. சந்தேகப்படத்தான் தெரியும்.

ஐஸில் வைத்தது எப்படிப் பிழைக்கும் என்று நான் கேட்டேன். என் ஆயுசு முழுக்கப் பார்த்தது அதுதானே. மீன் மெதுவாக உறைந்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் ஊசி ஊசியாக வளர்ந்து சதையைக் கிழித்துவிடும். வெளியே பார்க்க முழு மீன், உள்ளே கந்தல். மீனுக்கே அந்தக் கதி என்றால் கண்ணுக்குத் தெரியாத முட்டைக்கு என்ன கதி என்றேன். அந்த அம்மா கோபப்படவில்லை. இது ஃப்ரீசிங் இல்லை, விட்ரிஃபிகேஷன் என்றார். முட்டைக்குள் இருக்கிற தண்ணீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, பாகு மாதிரி ஒன்றை ஏற்றி, கண் சிமிட்டுவதற்குள் கடுங்குளிரில் முக்கிவிடுவார்களாம். ஐஸ் ஆவதற்குத் தண்ணீருக்கு நேரமே கொடுப்பதில்லை. ஊசி வளராது. இருந்தது இருந்த இடத்தில் அப்படியே கண்ணாடி மாதிரி நின்றுவிடும். சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டு நிதானமாக ஆறவிட்டால் கற்கண்டாகக் கட்டும், சட்டென்று ஆறவைத்தால் கண்ணாடி மிட்டாய் ஆகும், அந்த வித்தியாசம்தான் என்றார். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்றேன். அந்த டேங்குக்குக் கரண்டே வேண்டாம், பெரிய ஃபிளாஸ்க் மாதிரி, திரவ நைட்ரஜனை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். யார் ஊற்றுகிறார்கள், ஊற்றுகிறவர் லீவு போட்டால் யார் என்று அதையும் கேட்டேன்.

முட்டைகளை எடுத்து டேங்கில் வைத்த பிறகு கேட்டேன் பார், அந்தக் கேள்வியை. ஒன்றை எடுத்து உருக்கிக் காட்டுங்கள், உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம்புகிறேன் என்றேன். பெட்டி நிறைய மீன் வைத்திருக்கிறவன் கேட்கிற கேள்வி அது. உனக்கு எடுத்ததோ ஒரு கைக்குள் அடங்குகிற எண்ணிக்கை. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "காட்டலாம் ஐயா. ஆனா வெளிய எடுத்தது திரும்ப உள்ள போகாது. எதை எடுக்கட்டும்னு நீங்களே சொல்லுங்க" என்றார். நான் உன் பக்கம் திரும்பினேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் கை தானாகவே வயிற்றின்மேல் போய் நின்றது. நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் சந்தேகம் வாயை மூடவில்லை.

ஊருக்கு வந்த பிறகும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. வாயில் நுழையாத பேரை வைத்தாலே விலையைக் கூட்டப்போகிறார்கள் என்று நினைக்கிறவன் நான். ஜங்லிகாட்டில் டைல்ஸ் கடை வைத்திருக்கிற நம் மலையாளி நண்பர் பலகையிலும் விட்ரிஃபைடு என்று எழுதியிருக்கிறதே, அங்கே போய்க் கேட்டேன். மண்ணைச் சுடுகிற சூட்டில் அது உள்ளுக்குள்ளே கண்ணாடியாகிவிடும், அதனால் தண்ணீர் குடிக்காது என்றார். சும்மா நம்புவேனா? சாதாரண டைலையும் இதையும் கவிழ்த்து, முதுகில் ஆளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுவிட்டு, அவர் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்தேன். சாதாரண டைல் தண்ணீரை உறிஞ்சிக் கறுத்துவிட்டது. மற்றதில் சொட்டு அப்படியே உருண்டு நின்றது. செல்போனிலும் தேடிப் பார்த்தேன். அணு உலைக் கழிவைக்கூடக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி இறுக வைக்கிறார்களாம், அதற்கும் இதே வார்த்தைதான். தமிழில் கண்ணாடியாக்கம் என்று போட்டிருந்தது. வெளியே கசிந்துவிடுமோ என்று மனுஷன் நடுங்குகிறதையும் கண்ணாடியாக்குகிறான், கெட்டுப்போய்விடுமோ என்று நடுங்குகிறதையும் கண்ணாடியாக்குகிறான். எங்கே போய் விசாரித்தாலும் அந்த வார்த்தை ஒரே மாதிரிதான் சாட்சி சொன்னது. ஒரு வார்த்தையை நான் விசாரித்து விடுதலை செய்தது அதுதான் முதல் தடவை. ஆனால் குர்மீத்தை எந்தக் கடையில் கவிழ்த்துப் பார்ப்பது?

உன் மருந்தெல்லாம் முடிந்து, முடியும் திரும்ப வளர்ந்து, நீ வேலைக்குப் போன பிறகு அவன் நம் வீட்டுக்கு வந்தான். கேம்பல் பேயில் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பட்டாளத்துக் குடும்பத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுகிறான், நடுநடுவே இந்தி வந்துவிடுகிறது. உன் அம்மா சாம்பிள் மீன் குழம்புதான் ஊற்றினாள். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அதையும் நான் சந்தேகப்பட்டேன், நடிக்கிறானோ என்று. சாப்பிட்டுக் கை கழுவின பிறகு நேராகவே கேட்டேன், நாளைக்கு அந்த டேங்கைத் திறந்து உருக்கிப் பார்க்கும்போது ஒன்றுகூடத் தேறவில்லை என்றால் நீ என்ன செய்வாய் என்று. நான் முடிப்பதற்குள் சொல்லிவிட்டான். "ரேவதி பச் கயீ நா, அங்கிள். எனக்கு அது போதும்." நீ பிழைத்துவிட்டாயே, அது போதுமாம். நான் அசையாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்குக் கொஞ்சம் வலித்திருக்க வேண்டும். துண்டில் கையைத் துடைத்தபடியே கேட்டான், "நீங்க எதைப் பாத்தா நம்புவீங்கன்னு சொல்லுங்க அங்கிள். கொண்டு வர்றேன்." மீனுக்கு என்றால் எனக்கு நூறு அடையாளம் தெரியும். அவனுக்குச் சொல்ல ஒரு அடையாளமும் என்னிடம் இல்லை. வெற்றிலை போடுகிறாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்யப் போனதைச் சொன்னால் உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும், மறைத்து வைத்துப் பின்னால் நீ கண்டுபிடித்தால் அதைவிட மோசம். எதையும் உருக்கிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராதே, அதனால் ஒரு பொய்யைத் தயார் பண்ணினேன். குர்மீத்தின் அப்பாவுக்குப் போன் போட்டு, சென்னையில் டேங்க் பழுதாகி உன்னுடையதெல்லாம் வீணாகிவிட்டதாம் என்று சொல்வது. அவர்கள் முகம் மாறுகிறதா, கல்யாணப் பேச்சில் இழுக்கிறார்களா என்று பார்ப்பது. நடுப்பெட்டியில் கைவிட்டு ஒன்றை உருவுகிற மாதிரிதான். அம்மாவிடம் மூச்சுவிடவில்லை. சாயங்காலம் ஐஸ் லாரி போனதும் குளிர் அறை வாசலில் நின்று நம்பரைப் போட்டேன். அவர் எடுத்ததும் நான் நமஸ்தே சொன்னேன், அவர் பதிலுக்குச் சொன்னார். பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குத்தான் எந்தச் சத்தம் கேட்டாலும் பொறுக்காதே. பொய்யை எடுத்துவிடுவதற்கு முன்னால், அங்கே என்ன வேலை நடக்கிறது என்று கேட்டேன்.

தகரக் கூரைக்கு அடியில் ப்ளைவுட் அடிக்கிறோம் பாயிசாப் என்றார். எதற்கு என்றேன். மருந்துக்குப் பிறகு பேட்டிக்கு, மகள் என்று உன்னைத்தான் சொல்கிறார், பெரிய சத்தம் ஆகாது, தகரத்தில் மழை விழுந்தால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள், ஸ்கூலில் மழை வந்தால் புத்தக அறைக்குள் போய் நின்றுகொள்கிறாள் என்று குர்மீத் பார்த்துவிட்டு வந்து சொன்னானாம். அதனால் உங்கள் இரண்டு பேருக்கும் ஒதுக்கின அறைக்கு மட்டும் மழை வருவதற்கு முன்னால் அடித்து முடித்துவிட வேண்டுமாம். தேதி எப்போது வைத்தாலும் சரி, அறை தயாராக இருக்கட்டும் என்றார். நான் தேதியை இழுத்தடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அங்கே மழை எப்படி என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

உனக்கு மழைச் சத்தம் ஆகாது என்று எனக்குத் தெரியாது, ரேவதி. உன் அம்மாவுக்கும் தெரியாது. நம் வீட்டில் மேலே கான்கிரீட், அதனால் தெரியவில்லை என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். சொன்னால் உடனே அப்பா டாக்டரைச் சந்தேகப்படுவார், மருந்தைச் சந்தேகப்படுவார், மறுபடி சென்னைக்கு இழுத்துக்கொண்டு போய் ஆயிரம் கேள்வி கேட்பார் என்று பயந்துதானே நீ எங்களிடம் சொல்லவில்லை? உருக்கிப் பார்த்தது திரும்ப உள்ளே போகாது என்று அந்த டாக்டரம்மா சொன்னது அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. நான் நினைத்த பொய்யைச் சொல்லியிருந்தால், அவர்கள் தங்கமான மனுஷர்கள் என்று தெரிந்திருக்கும், ஆனால் அந்தத் தங்கத்தை நானே அசிங்கப்படுத்தியிருப்பேன். பிறகு எந்த முகத்தோடு சம்பந்தி வீட்டு வாசலில் நிற்பேன்? நான் தேதியைத் தள்ளத் தள்ள நடுவில் ஊசிதான் வளர்ந்தது. குர்மீத் சட்டென்று சொன்னது சட்டென்று சொன்னதாகவே இருக்கட்டும். எல்லாவற்றையும் நிதானமாக ஆறப்போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று எவன் சொன்னான்?

இனி சரக்கு விஷயத்துக்கு வருகிறேன். அன்று போனை வைப்பதற்கு முன்னால் எந்த ப்ளைவுட் என்று கேட்டேன். அங்கே கடையில் கிடைத்த சாதாரணம் என்றார். அந்த ஊர் ஈரத்துக்கு அது பொரிந்து, வீங்கி, கரையான் பிடித்து, அடுத்த மழைக்குள் உன் தலையில் விழும். அதனால் தண்ணீர் பட்டாலும் பிரியாத மரைன் ப்ளைவுட் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். கடைக்காரன் முத்திரையைக் காட்டினான், நான் அதை நம்பாமல் ஒவ்வொரு ஷீட்டையும் தட்டிப் பார்த்து, ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்து, சந்தேகமாகப் பட்டதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் ஏற்றினேன். கப்பல் ஜெட்டியில் இறக்கும்போது குர்மீத்தைப் பக்கத்தில் நிற்கச் சொல். நனைந்த ஷீட் எதையும் வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று சொல். ஏற்கெனவே அடித்ததைப் பிரித்துவிட்டு இதை அடிக்கச் சொன்னால் சம்பந்திக்கு வருத்தமாக இருக்கும், அதை நீ பக்குவமாகச் சொல்லிவிடு. இந்தக் குணம் எனக்குப் போகாது. போகும் என்று நான் எழுதிக்கொடுத்தால் நீயே என்னைச் சந்தேகப்படு.

கல்யாணத் தேதியை நீங்கள் இரண்டு பேரும் குறித்துக்கொண்டு சொல்லுங்கள், பஞ்சாங்கத்தை நான் மூடி வைத்துவிட்டேன். சென்னைக்குப் போய் அந்த டேங்கைத் திறப்பதா வேண்டாமா, எப்போது, அதெல்லாம் உங்கள் இரண்டு பேருடைய விஷயம். எத்தனை தேறியது என்று நான் கேட்க மாட்டேன், நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். விருந்துக்கு மீனை மட்டும் நான்தான் எடுப்பேன், அதை நடுப்பெட்டியில் இருந்து உருவி வெட்டித்தான் பார்ப்பேன், அதில் யாரும் தலையிடக் கூடாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த அறையில் முதல் மழை பெய்கிறபோது எனக்குப் போன் போடு. சத்தம் கேட்கிறதா, தலை வலிக்கிறதா என்று கேட்பேன். நீ என்ன சொல்கிறாயோ, அதை அப்படியே நம்பிக்கொள்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா